வேலாத்தாள் துவைக்காத துணியும் இரண்டு கடுவன்களும்

மனிதர், மாடு, பூனை, காக்கை என்று எல்லா உயிரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்துப் பூனைகள் இப்போது போல ஆளைக் கண்டால் காலில் வந்து உரசுவதில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பசித்தால் "பசிக்குது" என்று சொல்லிவிடும். பிடிக்காவிட்டால் "அக்கட்டால போ" என்று சொல்லிவிடும். வீட்டுக்குள் நுழையும்போது வாலை நிமிர்த்திக்கொண்டு, நிலைக்கட்டையிலோ கதவிலோ யார் காலிலோ தன் ரோமம் பட்டுவிடாமல் நட்டநடுவில் நடந்து வரும். அதைப் பெரிய கௌரவமாக அவை நினைத்துக்கொண்டிருந்தன. கௌரவத்துக்கு மட்டும் பூனைகளிடம் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை.

அப்போது நொய்யல் ஆற்றங்கரையில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் வேலாத்தாள் என்கிறவளும், அவள் புருஷன் சடையனும், சாம்பி என்கிற பெட்டைக் கழுதையும் இருந்தார்கள். ஊர்த்துணியை வெளுத்துக் கொடுப்பதுதான் அவர்களுக்குப் பிழைப்பு. சாம்பி பொதி சுமக்கும். சடையன் உவர்மண் தோண்டி வந்து, துணிகளை அதில் முக்கி, பெரிய தாழிகளை அடுக்கி வெள்ளாவி வைப்பான். ஆவியில் வெந்த துணியை ஆற்றுத் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்துத் துவைப்பது வேலாத்தாள். அவள் கைக்குப் போகாத கறை அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

"எதுவானாலும் தொவைச்சுட்டாப் போச்சு" என்பாள் வேலாத்தாள். வாய்ப்பேச்சுக்குச் சொல்வதில்லை, அப்படியே நம்பினாள். தலைவலி வந்தால் தலையணை உறையைத் துவைப்பாள். கெட்ட கனா கண்டால் பாயைத் துவைப்பாள். புருஷனோடு சண்டை வந்தால் அவன் வேட்டியை எடுத்துக்கொண்டு நேராகத் துறைக்குப் போய்விடுவாள். நாலு சாத்துச் சாத்தித் திரும்பி வரும்போது கோபமும் போயிருக்கும், வேட்டியும் வெளுத்திருக்கும். சடையனுக்கும் அதில் வருத்தமில்லை. ஊரிலேயே வெள்ளையான வேட்டி அவனுடையதுதான்.

அவர்களுக்கு இருந்த ஒரே தொல்லை எலி. வெளுத்து மடித்து வைத்த துணியில் ஒரு எலி பல் வைத்துவிட்டால் துணிக்காரர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. அதனால் செக்காட்டும் வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வேலாத்தாள் போய் இரண்டு ஆண் குட்டிகளை முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாள். ஒன்று அடுப்புக்கரி நிறம். அதற்குக் கருமன் என்று பேர் வைத்தாள். மற்றது செம்மண் நிறம், அது செவலை. செவலை வந்த புதிதில் நோஞ்சானாகக் கிடந்தது. பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்து நனைத்துப் புகட்டி அவள்தான் அதைப் பிழைக்க வைத்தாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள் என்று சடையன் கேலி செய்வான்.

குட்டிகள் இரண்டும் ஒரு தட்டில் தின்று, ஒரு துணிப்பொதியின் மேல் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கும். எது யாருடைய வால் என்று தெரியாது. விழித்திருக்கிற நேரமெல்லாம் வாய் ஓயாது.

"நாந்தான் மொதல்ல கண்ணைத் தொறந்தேன். அதனால நாந்தான் அண்ணன்" என்று கருமன் சொல்லும்.

"மொதல்ல கண்ணைத் தொறந்து என்னத்தைப் பாத்தே? இருட்டைத்தானே பாத்தே" என்று செவலை சொல்லும்.

இப்படிப் பேசிப் பேசியே எலிகளையும் தீர்த்துக்கட்டின. கருமன் ஒரு பக்கம் விரட்டும், செவலை மறுபக்கம் மறிக்கும். துணிக்கொட்டடியில் எலிப் புழுக்கை என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. வேலாத்தாளுக்கு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்துபோகும்.

மழைக்காலம் முடிந்து தை மாதம் பிறந்தது. குட்டிகள் இரண்டும் வளர்ந்து கடுவன் பூனைகளாகிவிட்டன. கழுத்து தடித்தது. கன்னம் இரண்டும் பணியாரம் போல உப்பிக்கொண்டது. குரல் உடைந்து, கூப்பிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பதில் வருவது போல வந்தது. செக்குவீட்டு ஓட்டின் மேல் ஒரு சாம்பல் நிறப் பெட்டைப் பூனை உட்கார்ந்து அழைக்கத் தொடங்கியதும் இரண்டுக்கும் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் செவலை வெளியே போய், மத்தியானம் போலத் திரும்பி வந்தது. உடம்பில் செக்குவீட்டுப் பிண்ணாக்குப் புழுதி. அதோடு பெட்டைப் பூனையின் வாசம், வேறு இரண்டு கடுவன்களின் வாசம். வேலாத்தாள் முற்றத்தில் சேலைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். கருமன் வாசலில் படுத்திருந்தது. செவலை கிட்ட வந்ததும் அது மூக்கை விரித்து ஒருமுறை மோந்தது. உடனே முதுகு வில்லாக வளைந்தது.

"யார்ரா நீ?"

"நாந்தாண்டா. செவலை."

"செவலைன்னு வாய் சொல்லுது. வாசம் வேற எவனையோ சொல்லுதே."

"அண்ணன்னு சொல்லிக்கிட்டு இருந்தியே, அந்த அண்ணனுக்குத் தம்பியை அடையாளம் தெரியலையாக்கும்? வழியை வுடு."

"என்ற வூட்டு வாசல்ல நின்னு என்னையே வழிய வுடச் சொல்றியா?"

அடுத்த கணம் இரண்டும் ஒரே உருண்டையாக உருண்டன. கஞ்சிச் சட்டி கவிழ்ந்தது. ரோமம் பறந்தது. வேலாத்தாள் கத்திய கத்தலில் சாம்பிகூட முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்த்தது. கடைசியில் செவலை கூரைமேல் ஏறித் தப்பித்தது. அதன் காதில் ஒரு கிழிசல். நேற்றுவரை ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கியவை இவைதானா என்று வேலாத்தாளுக்கு நம்ப முடியவில்லை. கவிழ்ந்த சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீடு யாருடையது என்று காட்டுவதற்குக் கருமன் துணிப்பொதியின் மேல் ஏறி, வாலைத் தூக்கி, சர்ரென்று பீய்ச்சி வைத்தது. அதை மோந்து பார்த்த செவலை சும்மா இருக்குமா? பக்கத்துப் பொதியில் அதுவும் பீய்ச்சியது. கடுவன் மூத்திர நாற்றம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மறுநாள் பெரிய வீட்டு நாச்சியம்மா தன் பட்டுச்சேலையை விரல் நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏம்மா வேலாத்தா, வெளுக்கப் போட்ட துணியா இது? கட்டிக்கிட்டு மனுசி வெளிய போக முடியுமா?"

"குடுங்கக்கா, இன்னொருக்கா அலசித் தந்தர்றேன்" என்றாள் வேலாத்தாள், தலை நிமிராமல்.

"எத்தனைதரம் அலசுனாலும் பூனை மறுக்கா வந்து பேஞ்சா என்ன பண்ணுவே? பங்குனி மாசம் அம்மன் நோம்பிக்கு ஊரே புதுச்சலவை கட்டணும். அதுக்குள்ள இதுக்கொரு வழி பண்ணு. இல்லீன்னா அக்கரையில வெளுக்கறவங்ககிட்டத்தான் துணி போடோணும். எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

அவள் போன பிறகு சடையன் நாறிய பொதிகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப் போட்டான். பிறகு சொன்னான்:

"ஏ புள்ள, ரண்டையும் ஒண்ணா வெச்சுப் பாக்க முடியாது. நோம்பிக்கு முந்தின நாள் துணி குடுக்க நான் அக்கரைக்குப் போகோணும். செவலையைக் கூடையில வெச்சுக் கொண்டுபோயி அங்க விட்டுட்டு வந்தர்றேன். ஆத்தைத் தாண்டித் திரும்பி வராது."

"செவலையையா?" என்றாள் வேலாத்தாள்.

"பின்னே கருமனையா? வெளிய சுத்தறவனைத்தானே வெளிய விடோணும்."

"அது ஒரு வாய்த் தண்ணி குடிக்கறதுக்கே எங்கையைத் தேடின உசுருங்க. காது வேற கிழிஞ்சு கிடக்குது. அங்க இருக்கற கடுவனுங்க அதைக் கடிச்சே கொன்னு போடும்."

"எனக்கு மட்டும் மனசில்லையா? வேற வழி இருந்தாச் சொல்லு, கேட்டுக்கறேன்."

செவலையை இழந்துவிட்டு அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று வேலாத்தாளுக்குத் தெரியவில்லை.

விஷயத்தைக் கேள்விப்பட்டு மாட்டு வைத்தியர் செல்லாண்டி தானாகவே வந்தார். உழவுக்காளைகளுக்குக் காயடிப்பதில் அவர் கெட்டிக்காரர். "முட்டிக்கிட்டுத் திரியற காளையெல்லாம் என்ற கையால சாதுவாயிப் பொதுக்குபொதுக்குன்னு நடக்குது. பூனைக்கும் அதே நோவுதான் அம்மிணி. ஆனா பாரு, எனக்குக் காளைக்குத்தான் கை பழகியிருக்குது. பூனைக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் செஞ்சதில்லை. வேணும்னா ஒரு கை பாத்தரலாமா?" என்று இடுப்பிலிருந்த காயடிக்கிற இடுக்கியான கிட்டியை எடுத்தார்.

காளை மாட்டின் கிட்டி எத்தனை பெரியது என்று பரணிலிருந்து எட்டிப் பார்த்த கடுவன்கள் இரண்டும் ஒரே குரலில் அலறின:

"ஆத்தா! அந்த ஆளை உள்ள வுட்டியானா இன்னிமேல் ஒரு எலியைக்கூடத் தொட மாட்டோம்!"

தை பிறந்த நாளிலிருந்து அவை இரண்டும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். செல்லாண்டியும் சிரித்துக்கொண்டே கிட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் தலை மறைந்ததும் பரண்மேல் மறுபடி உறுமல் கேட்டது.

அப்புறம்தான் வேலாத்தாள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கினாள். எல்லாம் நாற்றத்தால் வந்த வினை. நாற்றத்தைப் போக்கிவிட்டால் சண்டையும் போய்விடும். துவைத்துவிட்டால் போச்சு! முதலில் பொதிகளைத் துவைத்தாள். தரையைச் சாணம் போட்டு மெழுகினாள். கதவைக் கழற்றி ஆற்றில் போட்டுத் தேய்த்தாள். எல்லாம் முடிந்து, மிச்சமிருந்தது இரண்டு பூனைகள்.

பூனையைத் துவைத்திருக்கிறீர்களா? வேலாத்தாள் துவைத்தாள். செவலையை ஒரு கோணிக்குள் விட்டுக் கழுத்தை மட்டும் வெளியே வைத்து, உவர்மண் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தாள். "ஆத்தா, நான் வேட்டி இல்லை ஆத்தா!" என்று அது கதறிய கதறல் அக்கரைக்குக் கேட்டது. அடுத்தது கருமன். அது ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவமானத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றது. காதுக்குப் பின்னால், கன்னத்தில், வாலடியில் என்று ஒரு இடம் விடாமல் தேய்த்து, நல்ல தண்ணீரில் மூன்றுதரம் அலசி, இரண்டையும் முற்றத்து வெயிலில் விட்டாள். கடுவன் நாற்றம் துளியும் இல்லை. இரண்டு பூனையும் பளபளவென்று மின்னின. இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவள் பெருமையாக நின்றாள்.

கருமன் செவலையைப் பார்த்தது. மோந்தது. மறுபடி மோந்தது.

"இதுக்கு வாசமே இல்லையே" என்றது மெதுவாக. "வாசமில்லாத உசுரு எங்காவது உண்டா? இது என்ன பிசாசு?"

"நீதாண்டா பிசாசு! எங்கண்ணனை என்ன பண்ணினே?" என்று செவலை வாயைப் பிளந்தது.

இந்தச் சண்டைக்கு முன்னால் பழைய சண்டையெல்லாம் விளையாட்டு. ஒன்றின் தொண்டையை மற்றது கவ்விக்கொண்டது. பதறிப்போன வேலாத்தாள் இடையில் கையை விட்டுப் பிரிக்கப் பார்த்தாள். யாருடைய கை என்று பார்க்கிற நிலையில் அவை இல்லை. யாருடைய பல்லோ அவள் பெருவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இறங்கியது. அவள் கையை உதறி எடுத்துக்கொண்டு, கொடியில் கிடந்த ஈரக் கம்பளியை உருவி அவற்றின் மேல் வீசினாள். கண் மறைந்ததும் இரண்டும் திகைத்து விலகின. கருமனை அப்படியே கம்பளியோடு சுருட்டி வீட்டுக்குள் தள்ளினாள். செவலையை வெள்ளாவிக் கொட்டகைக்குள் விரட்டி, வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவிலிருந்த படலை இழுத்துக் கட்டினாள். தென்னோலையும் மூங்கிலும் வைத்து நெருக்கமாகப் பின்னிய கதவு அது. பிறகு ரத்தம் சொட்டும் கையோடு தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள்.

கை வீங்கிவிட்டது. பச்சிலை வைத்துக் கட்டிய சடையன், "காயம் ஆறுற வரைக்கும் தண்ணியில கை வெக்கப்படாது" என்று கண்டிப்பாகச் சொன்னான். துவைக்கிற வேலையை அவனே பார்த்தான். நினைவு தெரிந்து வேலாத்தாள் துவைக்காமல் இருந்த நாட்கள் அவைதான். கட்டிய சேலையையே மறுநாளும் கட்டினாள். மடியில் ஒரு பழைய சேலைத்துண்டைப் போட்டுக்கொண்டு கொட்டகையில் செவலையோடு கொஞ்ச நேரம் உட்காருவாள். பிறகு வீட்டுக்குள் வந்து கருமனோடு உட்காருவாள். இரண்டும் தனித்தனியே அவளிடம் கேட்டது ஒரே கேள்வி.

"எங்கண்ணன் எங்க ஆத்தா?" என்றது செவலை.

"தம்பி எங்க போயிட்டான்?" என்றது கருமன்.

படலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்று சொன்னால், "அது அவனில்லை. அது வேற எதுவோ" என்று இரண்டும் சொல்லின.

ஒருநாள் கருமன் அவள் மடியை மோந்துவிட்டுச் சீறியது. "உன்ற மடியில எவன் படுத்திருந்தான்?" என்றது. அவள் குனிந்து பார்த்தாள். சேலைத்துண்டில் செம்மண் நிற ரோமம் ஒட்டியிருந்தது. அவளுக்கு உடனே கை பரபரத்தது. அதை உருவிக்கொண்டு, புண்பட்ட கையென்றும் பாராமல், வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள்.

தொட்டியில் வாய் வைத்திருந்த சாம்பி தலையைத் தூக்கியது.

"அதையும் தொவைக்கப் போறியா?" என்றது.

"பின்னே? பூனை வாசம் அடிக்குதே."

"போன வருசம் என்ற உடம்புல ஒரே சொறின்னு சொல்லி என்னையும் உவர்மண்ணு போட்டுத் தேய்ச்சே, ஞாபகம் இருக்குதா?" சாம்பி நிதானமாகத்தான் பேசும். "அன்னிக்குப் பொழுதுக்கும் என்ற குட்டி பால் குடிக்க வரலை. நான் கூப்புடக் கூப்புட ஓடுது. கொரல் அம்மா கொரலாத்தான் இருக்குது, ஆனா நீ அம்மா இல்லைங்குது. சேத்துல பொரண்டு, பழைய பொதி மேல படுத்து, என்ற வாசம் திரும்ப வந்தப்பறந்தான் வந்து மடியை முட்டுச்சு. அன்னிக்கே சொல்லலாம்னு இருந்தேன். தொவைக்கறதைப் பத்தி உங்கிட்டப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?"

வேலாத்தாள் துணியைப் பிடித்தபடி நின்றாள். தொட்டித் தண்ணீர் அலுங்காமல் கிடந்தது. ஒரு முக்கு முக்கினால் போதும். அப்படியே முகத்தருகே கொண்டுபோய் அந்தத் துணியை மோந்து பார்த்தாள். செவலை வாசம் அடித்தது. பால் குடித்துக்கொண்டு கையில் கிடந்த காலத்து வாசமும் அதில் எங்கேயோ இருந்தது. துணியை நனைக்காமல் மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அவள் வாழ்க்கையில் வேண்டுமென்றே துவைக்காமல் விட்ட முதல் துணி அது.

தம்பியின் வாசம் பழகட்டும் என்று அந்தத் துணியைக் கொண்டுபோய்க் கருமனின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கருமன் சீறியது. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். சீறிக்கொண்டே தின்றது. அடுத்த வேளை, சீறுவதை மறந்து தின்றது. பிறகு அதே துணியால் கருமனின் உப்பிய கன்னத்தை மெல்லத் துடைத்து, கொட்டகைக்குப் போய்ச் செவலையின் கன்னத்தைத் துடைத்தாள். செவலையின் கன்னத்திலிருந்து திரும்பக் கருமனுக்கு. படலின் மரத்தில் ஒரு தேய்ப்பு, வாசல் நிலையில் ஒரு தேய்ப்பு, தன் கணுக்காலில் ஒரு தேய்ப்பு. துணி அழுக்கேறிக் கறுத்தது. ஒருநாள் சடையன் அதைப் பார்த்துவிட்டு, வெள்ளாவித் தாழியில் போடக் கையை நீட்டினான்.

"தொட்டீங்கன்னா தெரியும் சேதி!" என்றாள் வேலாத்தாள்.

அழுக்குத்துணிக்காகத் தன் பெண்டாட்டி சண்டைக்கு வருவதைப் பார்த்து அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

பிறகு தட்டுகளைப் படலின் இருபக்கமும் வைக்கத் தொடங்கினாள். முதலில் தள்ளித்தள்ளி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி. அயிரை மீன் குழம்பு ஊற்றிய சோறு. மீன் வாசத்தோடு மற்றதன் வாசமும் ஓலை இடுக்கு வழியாக வரும். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, அவை வாயைத் திறக்கிற வரைக்கும்.

"என்ற வூட்டுச் சோத்தைத் திங்கறது யாரு?" என்றது கருமன்.

"உன்ற வூடா? நாந்தான் இந்த வூட்டுல உன்னைவிட எச்சா எலி புடிச்சவன்" என்றது செவலை.

இரண்டு பக்கமும் ரோமம் சிலிர்த்தது. வேலாத்தாள் கரண்டியால் படலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"வாயை மூடுங்கடா ரண்டு பேரும்! உங்க பேச்சுனாலதாண்டா இத்தனை வம்பும். மூக்கு நல்லா இருக்கறப்ப வாயி எதுக்கு? இனி இந்தப் படலுக்குக் கிட்ட வந்தா ஒரு வார்த்தை பேசப்படாது. மோந்து பாருங்க. அவ்வளவுதான்."

பேசக்கூடாது என்றதும் பூனைகளுக்கு மோப்பத்தைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. தின்று முடித்தபின் கருமன் படலருகே உட்கார்ந்து வெகுநேரம் மோந்துகொண்டிருக்கும். மறுபக்கம் செவலையும் அதேபோல உட்கார்ந்திருக்கும். சில நாள் ஓலை இடுக்கு வழியே ஒரு செம்மண் நிறப் பாதம் நீண்டு வரும். கருமன் அதை அடிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

பங்குனி நோம்பிக்கு முந்தின நாள் வந்தேவிட்டது. சடையன் அக்கரைத் துணிகளைச் சாம்பியின் முதுகில் கட்டினான். அடியில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தென்று பழைய போர்வை விரித்த ஒரு கூடையையும் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தான். வேலாத்தாள் அந்தக் கூடையைப் பார்த்தாள். அவன் இரண்டு நாளாக அதைப் பார்த்துப் பார்த்துப் பின்னியது அவளுக்குத் தெரியும்.

"சித்த நேரம் பொறுங்க" என்றாள். "படலைத் தொறந்து பாத்துடறேன். ஆகலீன்னா நானே தூக்கித் தர்றேன்."

ஒரு கையில் ஈரக் கம்பளியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் படலின் கட்டை அவிழ்த்தாள். நல்ல பகல் வெளிச்சத்தில் செவலை படியிறங்கி வந்து நின்றது. எதிரே கருமன். இரண்டின் வாலும் தடித்தது. கருமனின் தொண்டைக்குள் ஒரு உறுமல் கிளம்பியது. வாயைத் திறந்து எதையோ சொல்லப் போனது. சொன்னால் முடிந்தது கதை என்று வேலாத்தாளுக்குத் தெரியும். கருமனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது வாயை மூடிக்கொண்டது.

அடுத்து அது செய்ததை அதற்கு முன்னால் எந்தப் பூனையும் செய்ததில்லை. தம்பியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்து வேலாத்தாளிடம் வந்து, தன் கன்னத்தை அவள் கணுக்காலில் வைத்து அழுத்தித் தேய்த்தது. கௌரவம் பார்க்கிற கருமன்! பிறகு படல் மரத்துக்குப் போய் அங்கேயும் கன்னத்தைத் தேய்த்தது. தேய்த்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்தது.

செவலை கிட்ட வந்தது. அண்ணன் தேய்த்த அதே கணுக்காலில் தேய்த்தது. அண்ணன் தேய்த்த அதே மரத்தில், அதே இடத்தில் தேய்த்தது. மூக்கை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நேராகப் போய்க் கருமனின் உப்பிய கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தது. கருமன் நகரவில்லை. ஒருமுறை மோந்தது. இரண்டு கன்னமும் ஒன்றோடொன்று உரசி உரசி, எந்த வாசம் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாத மாதிரி ஆயிற்று. கருமன் தம்பியின் கிழிந்த காதை நக்கிக் கொடுத்தது.

வேலாத்தாள் கம்பளியைக் கீழே போட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. சடையன் கூடையை எடுக்கப் போனான். அதற்குள் கருமன் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அடுத்து செவலையும் ஏறி, இடமில்லாத இடத்தில் தன்னைத் திணித்துக்கொண்டது.

"பாத்துப் பாத்துப் பின்னினது வீணாப் போகலை" என்றான் சடையன், மூக்கை உறிஞ்சியபடி.

ஊர் நோம்பிக்கு வாசமான சலவைத்துணி உடுத்திக்கொண்டு போனது. பட்டுச்சேலையை மோந்து பார்த்துவிட்டு நாச்சியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்காகக் கடுவன்கள் சாதுவாகிவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த தை பிறந்ததும் முதுகு வளையும், உறுமல் வரும். ஆனால் வெளியே போய்விட்டு வருகிறவன் முதலில் நிலையில் கன்னத்தைத் தேய்ப்பான், பிறகு வேலாத்தாள் காலில், பிறகு மற்றவன் கன்னத்தில். அதற்குள் உறுமல் அடங்கிவிடும். பீய்ச்சுவதற்குப் பதில் தேய்த்தே வீட்டை அடையாளம் வைத்துக்கொண்டன. செக்குவீட்டுப் பெட்டைப் பூனை இதைப் பார்த்துத் தன் குட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அவை ஊரெங்கும் கொண்டுபோயின. மூக்கால் ஆகிற காரியத்துக்கு வாய் வேண்டாம் என்று பழகிப் பழகி, பூனைகளுக்குப் பேச்சும் மெல்லக் குறைந்து ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றது. செல்லாண்டியின் வம்சத்து வைத்தியர்கள் பிற்பாடு சின்னக் கருவி செய்து பூனைக்கும் கை பழகிக்கொண்டார்கள். அதனால் பல வீடுகளில் தை மாதம் அமைதியாகக் கழிகிறது. அது வேறு கதை, கடுவன்கள் காதில் விழாமல் சொல்ல வேண்டிய கதை.

வேலாத்தாள் மறுபடி துறைக்குப் போய் எல்லாவற்றையும் துவைத்தாள். அந்த ஒரு துணியை மட்டும் கடைசிவரை தண்ணீரில் காட்டவில்லை.

அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்தான் இது: நீங்கள் வெளியே போய்விட்டு ஊர் வாசத்தையெல்லாம் சுமந்துகொண்டு வாசலில் கால் வைத்ததும், பூனை ஓடி வந்து உங்கள் காலில் கன்னத்தைத் தேய்க்கிறது. பால் கேட்கிறது என்று அவசரப்பட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். அது உங்களைத் திரும்ப வீட்டு ஆளாக்கிக்கொண்டிருக்கிறது.